முருகேசனின் கம்ப்யூட்டர் பேசாமல் போன இரண்டு தடவைகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் சரியாக ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒருவர் கொண்டுவந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள், அக்கா? பவர் சப்ளையா, ராமா, ஹார்டு டிஸ்கா?

அந்த வரிசை உங்களுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கும் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். நெடுங்கண்டத்துக் கடையில் இருபத்தாறு வருடம் ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை என்னுடையது. அந்தக் கை ஒருமுறை செய்த பிழையையும், இன்னொரு முறை அதையே செய்யப் போய்க் கடைசி நொடியில் நின்றதையும் சொல்கிறேன். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே மனிதருடைய வீட்டில் நடந்தவை.

முதல் தடவை அந்த மனிதரை நான் பார்க்கவே இல்லை. சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பேச்சியம்மாள் என்கிற பெண், சிபியூ பெட்டியை மட்டும் பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி, ஜீப்பில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"ஆன் பண்ணுனா ரொம்ப நேரம் அப்படியே கெடக்குதுக்கா. பத்து நிமிசம் ஆவுது. சில நாளு வாரதே இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு இது இல்லாம ஒரு வேலையும் ஓடாது, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்றாள். கடைசி ஜீப்பைப் பிடிக்கும் அவசரத்தில் அதற்கு மேல் நின்று பேசவில்லை.

அன்றைக்கு மேசையில் ஏற்கெனவே ஆறு பெட்டிகள் வரிசையில் இருந்தன. இதை எடுத்து மாட்டினேன். அவள் சொன்னது சரிதான். வெகுநேரம் இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒருவழியாகத் திரை வந்ததும் கடை ஸ்பீக்கரில் ஒரு சத்தம் கிளம்பியது. என்ன மொழி என்றே தெரியாத வேகத்தில் யாரோ பிதற்றுவதுபோல. மவுஸை நகர்த்தினால் பிதற்றல், ஒரு எழுத்தைத் தட்டினால் பிதற்றல். நிறுத்தவும் முடியவில்லை. நான் அதிகம் யோசிக்கவில்லை. வைரஸ் என்று முடிவு கட்டினேன். கடிதங்களையும் படங்களையும் ஒழுங்காக வேறு டிஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டியைச் சுத்தமாக அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அவற்றைத் திரும்ப ஏற்றினேன். மறுநாள் அது ஒரு நிமிடத்துக்குள் ஸ்டார்ட் ஆனது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பேச்சியம்மாள் எடுத்துப்போய் இரண்டு நாள் கழித்து போன் வந்தது. ஆண் குரல்.

"அக்கா, நான் பேச்சியம்மா வீட்டுக்காரன் முருகேசன் பேசுதேன். பெட்டி நல்லா ஓடுதுன்னு பக்கத்துல இருக்கவுக சொல்லுதாக. எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல."

"ஸ்பீக்கர் வயரைச் சரியாச் சொருகியிருக்கான்னு பாருங்க தம்பி."

"பாக்க முடியாதுக்கா. எனக்குக் கண்ணு தெரியாது. அது ஸ்கிரீன்ல உள்ளத வாசிச்சுச் சொல்லும், நான் கேட்டுக் கேட்டு டைப் பண்ணுவேன். அந்தக் குரலத்தான் காணல."

நான் வைரஸ் என்று நினைத்தது அந்தக் குரலைத்தான். பழகியவர்கள் அதை நாலைந்து மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்பார்கள். நமக்கு அது பிதற்றலாகத்தான் படும். முருகேசன் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். கண்ணில் அழுத்தம் ஏறி, முப்பது வயதுக்குள் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி அணைந்துவிட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, எஸ்டேட் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிற நம் தமிழ் ஆட்களுக்கு ரேஷன் கார்டு, பென்ஷன், கரண்டு கனெக்ஷன் என்று எல்லாவற்றுக்கும் மலையாளத்தில் அபேட்சை, அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்து வந்தார். ஆட்களின் பெயரையும் எஸ்டேட்டுகளின் பெயரையும் அந்தக் குரல் கொலை செய்யாமல் உச்சரிப்பதற்காக மூன்று வருடம் ஒவ்வொரு வார்த்தையாக அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நீளமான வாக்கியங்களை இரண்டு எழுத்தில் வரவைக்கிற சுருக்கங்களும் வைத்திருந்தார். அந்தப் பட்டியலெல்லாம் கண்ணுக்குப் படாத ஒரு ஃபோல்டரில் இருந்தது. நான் அழித்தவற்றில் அதுவும் ஒன்று.

"வைரஸ்னு நெனச்சிட்டேன் தம்பி" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாக. ஆனா அழிக்கிறதுக்கு முன்னால ஒரு போன் போட்டிருக்கலாமேக்கா. பெட்டி மேல நம்பர எழுதி ஒட்டச் சொல்லியிருந்தேனே."

ஒட்டித்தான் இருந்தது. தூசி துடைக்கும்போது நான்தான் அதைக் கிழித்துப் போட்டேன்.

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புதிய ஹார்டு டிஸ்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். புதியதில் விண்டோஸும் பேசுகிற மென்பொருளும் போட்டுக் கொடுத்தேன். பழைய டிஸ்க் கொஞ்சம் தளர்ந்திருந்தது; ஆனாலும் பழைய கடிதங்களை வைத்துக்கொள்ள ஆகும் என்று அதையும் பெட்டிக்குள்ளேயே கீழே விட்டுவிட்டேன். சாயங்காலம் வரை உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லச் சில வார்த்தைகளை ஏற்றினோம். தொலைந்ததை எல்லாம் திரும்பச் சேர்க்க அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தில் அவர் எனக்குச் சொந்தத் தம்பி மாதிரி ஆகிவிட்டார் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது தடவை, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலம். கடையைத் திறந்து விளக்குப் போடுவதற்குள் போன் அடித்தது.

"அக்கா, பெட்டி ஸ்டார்ட் ஆவல. இன்னைக்குத்தான் பரீட்சை."

முருகேசன்தான். அந்தப் பரீட்சையைப் பற்றி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கொச்சியில் உள்ள ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே மலையாளத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து மலையாளத்துக்கும் மொழிபெயர்க்க ஆள் எடுக்கிறது. வீடியோவில் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு மணி நேரம் டைப் செய்து காட்ட வேண்டும். முதலில் குறித்த நாளில் கரண்டு போய்விட்டது. இரண்டாவது நாள் கொடுத்தார்கள். இதற்கு மேல் மாற்ற மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த நாள் இதுதான். மூன்று மணிக்கு.

"எப்பலேர்ந்து தம்பி?"

"மூணு நாளா கரண்டு இல்ல. விடியக்காலம்தான் வந்துச்சு. ஆன் பண்ணுனேன், பேசல. ரொம்ப நேரம் பாத்துட்டு, பக்கத்து வீட்டுத் தங்கராசு அண்ணன கூப்பிட்டேன். ஏதோ ஒரு பட்டன அமுக்கச் சொல்லுதுன்னு அமுக்குனாரு. அதுக்கப்புறம் நீலக் கலர்ல என்னமோ வந்து நிக்குதாம்."

வீடியோ கால் போட்டுப் பார்த்தோம். மழையில் போனுக்கு நெட்வொர்க் இல்லை; சாம்பல் நிறக் கட்டங்கள்தான் தெரிந்தன. நான் சொன்னேன்: "யாரும் இனி எதையும் தொட வேண்டாம். ஆஃப் பண்ணி வையுங்க. நான் வாரேன்."

கடையில் என்னோடு வேலை பார்த்த லிஜி ஒரு நல்ல லேப்டாப்பை என் பையில் வைத்தாள். "சேச்சி, அது நடக்கலேன்னா இதுல எழுதட்டும். பேசுற சாஃப்ட்வேர் இதுல போட்டாச்சு" என்றாள். நல்ல யோசனைதான். முருகேசனிடம் போனில் சொன்னேன்.

"கொண்டு வாங்கக்கா. ஆனா வேற மெசின்ல என் கை ஓடாது. என் வார்த்தையெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

பூப்பாறை வரை ஜீப் ஒழுங்காகப் போயிற்று. அதைத் தாண்டி வளைவில் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளைகளுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனேன். அங்கே திரும்பிக்கொண்டிருந்த இன்னொரு ஜீப்பில் கெஞ்சி ஏறினேன். லயத்து வாசலில் இறங்கும்போது மணி இரண்டாக இருபது நிமிடம் இருந்தது.

முருகேசன் இஸ்திரி போட்ட சட்டையில், தலையைப் படிய வாரி, இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஹெட்ஃபோன். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் தங்கராசு. ரிசார்ட் ஒன்றில் ரிசப்ஷனில் வேலை பார்ப்பவர். இன்றைக்கு இதற்காகவே லீவு போட்டிருந்தார்.

ஸ்விட்ச் போட்டேன். தேதி தவறாக இருக்கிறது, தொடர ஒரு பட்டனை அமுக்கு என்று வந்தது. தங்கராசு அமுக்கியது அதைத்தான். நானும் அமுக்கினேன். புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. பிறகு தானாகவே பழுது பார்ப்பதாக ஒரு செய்தி வந்தது. பிறகு அந்த நீலத் திரை. தொடர முடியாது, கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடு. இன்னொரு முறை முயன்றேன். அதே திரை. மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

தங்கராசு திரையில் விரலை வைத்தார். "அக்கா, இதுல ரீசெட்னு ஒண்ணு இருக்குல்ல? எங்க ரிசார்ட்ல ஒரு கம்ப்யூட்டர் இப்படித்தான் நின்னுச்சு. இத அமுக்குனோம், அரை மணி நேரத்துல புதுசு கணக்கா வந்துருச்சு."

பொய் சொல்ல மாட்டேன், நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபைல்களை வைத்துக்கொண்டே ரீசெட் செய்கிற வழியும் அதில் உண்டு. மனசு கணக்குப் போட்டது. அரை மணி நேரம் ரீசெட்டுக்கு, கால் மணி நேரம் குரலைப் போட. இரண்டே முக்காலுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். வார்த்தைகளும் சுருக்கங்களும் இருக்காது. ஆனால் ஏதோ ஒன்று இருக்கும். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைவிட ஏதோ ஒன்றைச் செய்வது அந்த நேரத்தில் எவ்வளவு ஆறுதலாகத் தோன்றும் என்று உங்களுக்கு இனிமேல்தான் தெரியும். என் விரல் கீபோர்டுக்கு மேல் வந்துவிட்டது.

"என்னக்கா செய்யப் போறீக?" என்று முருகேசன் கேட்டார். அவருக்கு நான் நகர்ந்தது கேட்டிருக்க வேண்டும்.

எது கெட்டுப்போயிற்று என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாமலே அழிக்கப் போகிறேன். இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீங்க தினமும் இதைக் கேக்குறவரு. ஸ்விட்ச் போட்டதுலேர்ந்து என்னென்ன சத்தம் வரும்? இன்னைக்கு என்ன வந்துச்சு?"

அவர் முகம் மாறியது. காலையிலிருந்து அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. "ஆஃப் பண்ணி மறுபடி போடுங்க" என்றார். எழுந்து தரையில் மண்டியிட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தார். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. தங்கராசு போய்க் கதவைச் சாத்தினார்.

"ஃபேன் சரியாத்தான் சுத்துது... பீப்பும் சரி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கையைத் தூக்கினார். "அக்கா, இது என் டிஸ்க் இல்ல."

"என்ன தம்பி?"

"நான் வேலை செய்யிற டிஸ்க் குருகுருன்னு மெதுவாப் பேசும். இது டிக் டிக்குனு கொத்துது பாருங்க. இது கீழ கெடக்குற பழசு. பழைய லெட்டர் எதையாவது எடுக்கப் போனாத்தான் இந்தச் சத்தம் வரும். ஸ்டார்ட் ஆகுறப்ப இது முதல்ல பேசுனதே இல்ல."

அந்தப் பழைய டிஸ்கை அங்கே விட்டுவைத்தது நான். அதை நான் மறந்தே போயிருந்தேன். உள்ளே காசளவு ஒரு சின்ன பேட்டரி உண்டல்லவா? தேதியையும், எந்த டிஸ்கிலிருந்து முதலில் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கிற பேட்டரி. அது தீர்ந்துபோயிருக்கிறது. மூன்று நாள் கரண்டு இல்லாமல் கிடந்ததில் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, முதலில் கையில் அகப்பட்ட டிஸ்கைப் பிடித்துக்கொண்டது. அதில் இருந்தது அரை உயிரோடு கிடக்கும் பழைய விண்டோஸ். முருகேசனின் டிஸ்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. அது பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தது. நான் ரீசெட் அமுக்கியிருந்தால், செத்துக்கொண்டிருக்கும் ஒரு டிஸ்கில், யாருக்கும் வேண்டாத ஒரு விண்டோஸைச் சீர்படுத்திக்கொண்டே மூன்று மணியைக் கடந்திருப்பேன்.

செட்டிங்கில் போய் வரிசையை மாற்றலாம். ஆனால் பேட்டரி செத்திருக்கிறது, என் பையில் எல்லாம் இருந்தும் அந்த பேட்டரி மட்டும் இல்லை. கரண்டு போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால் பெட்டி மறுபடி மறந்துவிடும். அதனால் மூடியைக் கழற்றிப் பழைய டிஸ்கின் வயரையே பிடுங்கி வெளியே போட்டேன். பிடிப்பதற்கு ஒரே டிஸ்க் இருந்தால் தவறானதைப் பிடிக்க வழியில்லை. தேதியையும் நேரத்தையும் கையால் சரிசெய்தேன். ஸ்விட்ச் போட்டேன்.

"குருகுருங்குது" என்று முருகேசன் தரையிலிருந்தே சொன்னார்.

புள்ளிகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. தங்கராசு வாய்க்குள் ஏதோ முருகனைக் கூப்பிட்டார். பிறகு ஸ்பீக்கரில் அந்தப் பிதற்றல் கொட்டியது. இத்தனை வருடப் பழக்கத்தில் அதில் ஒரு வார்த்தை எனக்குப் பிடிபட்டது. 'முருகேசன்' என்றது அது.

மணி இரண்டு இருபத்தைந்து. முருகேசன் எழுந்து, முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். நன்றி எல்லாம் சொல்லவில்லை. அதற்குள் விரல்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. தங்கராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பரீட்சை ஆரம்பித்ததும் நாங்கள் இருவரும் வெளியே வந்து வாசல் கூரைக்கு அடியில் நின்றோம். உள்ளேயிருந்து கீபோர்டு சத்தம் மட்டும் வந்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும், கம்ப்யூட்டருக்கும் வயரில் நெட் கொண்டுவரும் பெட்டிக்கும் சேர்த்து வைத்திருந்த யூபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தியது. கரண்டு போய்விட்டது. அந்த யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். நானும் தங்கராசும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரிடம் போய் எதைக் கேட்பது? தங்கராசு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது நிமிடத்தில் கத்தல் நின்றது. தீர்ந்துபோய் நின்றதா, கரண்டு வந்து நின்றதா என்று தெரியாமல் கதவுப் பக்கம் திரும்பினேன். அடுத்த வீட்டில் டிவி பேச ஆரம்பித்தது. கரண்டு வந்துவிட்டது. உள்ளே கீபோர்டு ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

நாலரை மணிக்கு பேச்சியம்மாள் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளோடு வந்தாள். எங்களைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றுவிட்டாள். கையால் கேட்டாள், என்ன ஆச்சு என்று. "எழுதிட்டிருக்காரு" என்று வாயசைத்தேன். தாளும் பூட்சும் சத்தம் போடும் என்று பயந்து, ஐந்து மணி வரை அந்தப் பெண் கூரைக்கு அடியில் வராமல் மழையிலேயே நின்றாள்.

ஐந்து அடித்துச் சில நிமிடங்களில் கதவு படாரென்று திறந்தது. முருகேசன் சுவரைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் "எப்படி?" என்று கேட்டோம்.

"எல்லாம் முடிச்சாச்சு, நல்லாத்தான் இருக்கு, முதல்ல தள்ளுங்க! ரெண்டு மணி நேரமா அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்!" என்று கத்திவிட்டு லயத்தின் கோடியில் இருக்கிற கக்கூஸைப் பார்த்து ஓடினார். பேச்சியம்மாள் வாசலில் கிடந்த குடையை எடுத்து விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். தங்கராசு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

மூன்று வாரத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இன்றைக்கும் அந்த வேலையில்தான் இருக்கிறார். பேட்டரி மாற்ற அடுத்த வாரம் போனபோது, பழைய டிஸ்கில் இருந்த கடிதங்களையெல்லாம் புதியதில் ஏற்றிக் கொடுத்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். அழிக்கிற பட்டன் எப்போதும் அங்கேயேதான் இருக்கும், எங்கேயும் போகாது. அதை அமுக்குவதற்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டரோடு தினமும் வாழ்கிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுங்கள். எனக்குத் தெரியவில்லை என்று அவரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள். அன்றைக்கு நான் அதைச் சொன்ன பிறகுதான் அவர் காதை வைத்துக் கேட்டார். சரியாகிவிட்டது என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். அதை நாமாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் பால் விடாமல் போட்ட கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு ஜீப் ஏறினேன். மரத்தை அறுத்து ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். நனைந்த சேலையோடு, மடியில் லிஜி கொடுத்த லேப்டாப்போடு உட்கார்ந்ததுதான் தெரியும். அவ்வளவு வளைவுகளிலும் ஒரு குலுக்கல்கூடத் தெரியாமல் தூங்கிவிட்டேன். நெடுங்கண்டத்தில் டிரைவர்தான் தோளைத் தட்டி எழுப்பினார்.